கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கக் கொடுத்துப் பட்ட பாடு

ஆய்வுகூட அறிக்கை ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஒரேயொரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் எங்களுக்குத் தேவையான ஒரு வரியைப் பிழையாக வாசித்து, "எல்லாம் நோர்மல் தம்பி, கொண்டுபோங்கோ" என்று அனுப்பிவைக்கப் பார்த்தார்கள். அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் கிணறும் பைப்பும் இரண்டும் இருக்கிற வீடுகள் நிறைய. குடிக்கிறது கிணறு, குளிக்கிறது பைப் என்று இருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வந்து எங்களோடு நிற்கிறா. தாய்ப்பால் போதாமல் மாப்பாலும் கொடுக்கவேண்டிய நிலை. நிறுக்க வந்த மிட்வைஃப் மிஸ், "மாக் கரைக்கிறது எந்தத் தண்ணியிலை?" என்று கேட்டா. கிணறு என்றோம். எட்டிப் பார்த்தா. வேலிக்கு அங்காலே இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் வயல். மற்றப் பக்கம் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி, ஐம்பது அடி வருமோ வராதோ என்கிற தூரத்தில். "எதுக்கும் ஒருக்கால் டெஸ்ற் பண்ணுங்கோ. கொதிக்க வைச்சால் கிருமிதான் சாகும், உரம் போகாது" என்றுவிட்டுப் போனா. அம்மாவுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அவவுக்குத் தெரிந்ததெல்லாம் வவுனியா, செட்டிகுளம் பக்கத்துச் சிறுநீரக வருத்தம்தான். அந்த வருத்தத்துக்கு இன்னதுதான் காரணம் என்று உறுதியாகப் பிடிபடவில்லை, ஆகவே "கிட்னி டெஸ்ற்" என்று தண்ணீருக்கு ஒரு சோதனை கிடையாது என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சேரிடம் கடிதம் எடுத்தது ஒரு காலையோடு முடிந்தது. நல்ல மனுசன். கிணற்றில் ஒன்று, பைப்பில் மீற்றருக்குக் கிட்டவுள்ள ரப்பில் ஒன்று, குசினி ரப்பில் ஒன்று எடுக்கச் சொன்னதும் அவர்தான். குசினி ரப் ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

சிக்கல் ஆய்வுகூடத்தில் தொடங்கியது. போன் எடுத்துக் கேட்டபோது, "சுத்தமான போத்தலிலை கொண்டுவாங்கோ, எந்த நாளும் எடுப்பம்" என்றார் ஒருவர். சோடாப் போத்தல்களைக் கழுவி, நிரப்பி, ஏ9 வீதியில் மணிக்கணக்காக பஸ்சில் நின்று போனால், கவுண்டரில் இருந்தவர் போத்தலைத் தொட்டும் பார்க்கவில்லை. "கிருமி டெஸ்றுக்கு நாங்கள் தாற கிருமிநீக்கின போத்தல்தான் வேணும். அதோடை இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளியிலை எடுக்கிறேல்லை." ஏன் என்று கேட்டேன். கிருமிச் சோதனையில் மாதிரியை ஒன்று இரண்டு நாள் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துத்தான் எண்ணவேண்டும், சனி ஞாயிறு எண்ண ஆளில்லை. காரணம் நியாயம்தான். அதை போனில் சொல்லியிருந்தால் என் ஒருநாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். திங்கள் வரட்டோ என்றேன். திங்கள் போயா விடுமுறை.

வெறும் போத்தலோடு திரும்பினேன். போகிறவர்கள் முதல் தரம் தண்ணீர் கொண்டுபோகவே வேண்டாம். போத்தலை எடுக்கவும், எந்தெந்த நாள் எடுப்பார்கள் என்று கேட்கவும் மட்டும் போங்கள். இரசாயனச் சோதனைக்குப் புதுப் பிளாஸ்டிக் போத்தல் போதும். அதை எடுக்கப்போகிற தண்ணீராலேயே மூன்று தரம் அலசி, கழுத்துவரை நிரப்பவேண்டும். கிருமிப் போத்தல் நேரெதிர்: அலசவே கூடாது, வாயில் விரல் படக்கூடாது, மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும். பைப் தண்ணீருக்குத் தருகிற போத்தலுக்குள் ஒரு மருந்து போட்டிருப்பார்கள். தண்ணீரிலுள்ள குளோரீனை முறிக்கத்தான் அது. இல்லாவிட்டால் வழியில் குளோரீன் கிருமியைக் கொன்று, இல்லாத சுத்தத்தைக் காட்டும். ஏதோ தூள் கிடக்கிறதே என்று கழுவினால் போத்தல் வீண். ரப் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

அடுத்தது ஐஸ். கிருமி மாதிரி குளிரில் இருக்கவேண்டும், ஆறு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது, எப்படியும் 24 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. விடியற்காலை எங்கே ஐஸ் கிடைக்கும்? மீன் சந்தைதான். பொலித்தீனில் இறுக்கிக் கட்டி றெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்த பெடியன், "அண்ணை, தண்ணியோ மீனோ?" என்றான். ஆனால் எடுத்துக்கொண்டான்.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று 1988இல் 16ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே எழுதியாகிவிட்டது. படிவத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. எதைச் சோதிக்கவேண்டும் என்ற இடத்தில் கவனம். "சாதாரண சோதனை" என்று புள்ளடி போட்டால் பீ.எச்., வன்மை, குளோரைட்டு, புளோரைட்டு, நைத்திரேற்று, இரும்பு போன்றவையும் கிருமியும் பார்ப்பார்கள். ஈயம், கட்மியம், ஆசனிக்கு பார்க்கமாட்டார்கள். அதற்கு அமிலம் விட்ட வேறு போத்தல், வேறு காசு. சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்த பிரச்சினைக்குப் பிறகு எங்கள் ஆட்கள் "ஒயில் இருக்கோ பாருங்கோ" என்று கேட்கிறார்கள். அதுவும் தனியாகக் கேட்டால்தான்.

அறிக்கைக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு தண்ணீர் மெசின் விற்கிற ஆள் வீட்டுக்கு வந்தார். எப்படி மணந்து பிடித்தாரோ தெரியாது. பேனை மாதிரி ஒரு ரீ.டி.எஸ். மீற்றரைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார்: 640. தான் கொண்டுவந்த, ஆர்.ஓ. மெசினில் வடிகட்டின தண்ணீரில் வைத்தார்: 28. பிறகு இரண்டு கிளாசிலும் கம்பிகள் பூட்டிய ஒரு கருவியை இறக்கி கரண்டைப் போட்டார். எங்கள் கிளாஸ் கொஞ்சநேரத்தில் மண்ணிறமாகிக் கலங்கி, மேலே நுரை கட்டி, பார்க்கவே அருவருப்பாகிவிட்டது. அவருடைய கிளாஸ் கண்ணாடிபோல நின்றது. "இதைத்தான் அம்மா பச்சைக் குழந்தைக்குக் குடுக்கிறியள்" என்றார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

கலங்கியது தண்ணீரிலிருந்த அழுக்கில்லை. கம்பியின் இரும்புதான் கரைந்து துருவாக வருகிறது. உப்புச் சத்துள்ள தண்ணீரில் கரண்ட் நன்றாகப் பாயும், அதனால் கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் பாயாது, கரையாது. வாயால் சொன்னால் சண்டையாகும் என்று அம்மாவிடம் ஒரு சிட்டிகை கறியுப்பு கேட்டு வாங்கி, அவருடைய கிளாசுக்குள் போட்டு, "இப்ப ஒருக்கால் போடுங்கோ" என்றேன். போடமாட்டேன் என்று நின்றார். அக்கா சுவிச்சைத் தட்டினா. நிமிசத்தில் அதுவும் மண்ணிறம். மனுசன் கருவியைத் துடைக்காமலே பைக்குள் வைத்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஆர்.ஓ. மெசின் பொய்யில்லை, புளோரைட்டையும் நைத்திரேற்றையும் அது நன்றாகவே குறைக்கும். பொய் அந்த விளையாட்டுத்தான். ரீ.டி.எஸ். மீற்றரும் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது, கிருமியை அறவே காட்டாது.

இனி அறிக்கை. இலங்கையில் குடிநீருக்கான தரம் எஸ்.எல்.எஸ். 614. 1983இல் வந்த பழையதில் பலவற்றுக்கு விரும்பத்தக்க அளவு, அனுமதிக்கக்கூடிய உச்ச அளவு என்று இரண்டு எண். 2013இல் திருத்தியபோது ஒரே எல்லையாக்கினார்கள். வன்மை பழையதில் 250, உச்சம் 600. இப்போது லீற்றருக்கு 250 மில்லிகிராம், அவ்வளவுதான். புளோரைட்டின் உச்சம் 1.5 ஆக இருந்தது, இப்போது 1.0. உலக சுகாதார நிறுவனம் இன்னும் 1.5 என்றுதான் வைத்திருக்கிறது. எங்களைப்போல வெய்யிலில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிற சனத்துக்கு எல்லை குறைவாக இருப்பதுதான் சரி.

எங்கள் கிணறு: வன்மை 390. கேத்திலில் கல் பிடிக்கிறதும் சவர்க்காரம் நுரைக்காததும் அதனால்தான். எல்லையைத் தாண்டினாலும் வன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் சுகாதார எல்லை என்று ஒன்று வைக்கவில்லை. புளோரைட்டு 0.7, தப்பினோம். உரத்தாலும் மலக்குழியாலும் தண்ணீரில் கூடுகிற நைத்திரேற்று 12.4.

கவுண்டரில் இருந்தவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "நைத்திரேற்று லிமிற் 50. உங்கடை 12. நல்ல தண்ணி." அக்காவுக்கு போன் எடுத்துச் சொல்லத்தான் வெளியே வந்தேன். வெளி வாங்கில் இருந்து திரும்ப வாசித்தபோதுதான் 12.4க்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், "நைதரசனாக" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது கண்ணில் பட்டது.

அளந்திருப்பது நைத்திரேற்றை முழுதாக இல்லை, அதிலுள்ள நைதரசனை மட்டும். 50 என்ற எல்லை முழு நைத்திரேற்றுக்கு. நிறைக் கணக்கில் நைதரசன் 14, நைத்திரேற்று 62, ஆக 4.43ஆல் பெருக்கவேண்டும். ஓ.எல். கெமிஸ்ற்றிதான். 12.4ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 55. எல்லைக்கு மேலே! பழைய 1983 தரத்தில் நைத்திரேற்றை நைதரசனாகத்தான் எழுதினார்கள், எல்லை 10. அந்தக் கணக்கிலும் 12.4 தோல்வி. பழைய முறையில் அளந்த எண்ணைப் புது எல்லையோடு ஒட்டிப் பார்த்தால் மட்டும்தான் எங்கள் கிணறு பாஸ்.

திரும்பக் கவுண்டருக்குப் போனேன். "தம்பி, நாங்கள் வருசக்கணக்கா இதுதான் பாக்கிறம்" என்றார். படித்த ஆள் யாரையாவது கூப்பிடுங்கோ என்று கேட்டால் கோபம் வரும் என்று தெரியும், ஆகவே "பச்சைக் குழந்தை சேர், ஒருக்கால் மிஸ்ஸிட்டைக் காட்டட்டோ?" என்று பணிவாகக் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த இரசாயனவியலாளர் மிஸ் தாளைப் பார்த்தா, சுவரைப் பார்த்தா, பேனையை எடுத்து 12.4க்குப் பக்கத்தில் 54.9 என்று எழுதி, சிறு கையொப்பமும் வைத்தா. "குழந்தைக்குக் குடுக்காதேங்கோ" என்றா. அந்த எல்லையே போத்தல்பால் குடிக்கிற சின்னக் குழந்தைகளை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். நைத்திரேற்று கூடினால் அவர்களின் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறைந்து உடம்பு நீலம் பாயும். சுவர்த் தாளையும் அவவே கிழித்து எடுத்தா என்று எழுத ஆசை. இல்லை, அது அங்கேயே இருக்கிறது. போகிறவர்கள் அதை நம்பாதேயுங்கள்.

கொதிக்க வைப்பதில் பிரயோசனமில்லை. தண்ணீர் ஆவியாக நைத்திரேற்று இன்னும் செறியும். கிணற்றுக்குக் குளோரீன் போடுவது கிருமிக்கு மட்டும். வயலில் போட்ட யூரியாவா, பக்கத்துக் குழியா என்று ஒரு தாளை வைத்துச் சொல்லமுடியாது. கிணற்றில் மலத்திலிருந்து வருகிற ஈ. கோலிக் கிருமியும் இருந்தபடியால் எனக்குக் குழியில்தான் சந்தேகம். பக்கத்து வீட்டு அங்கிளிடம் அதை எப்படி எடுப்பது என்று அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பைப் தண்ணீர்தான் ஆச்சரியம். வருசக்கணக்காக "மருந்து மணக்குது" என்று நாங்கள் வாயில் வைக்காத தண்ணீர் மீற்றர் ரப்பில் எல்லாவற்றிலும் எல்லைக்குள். 100 மில்லிலீற்றரில் ஈ. கோலி பூச்சியம், அதுதான் இருக்கவேண்டிய எண்ணும். அதே தண்ணீர் குசினி ரப்பில் கொலிபோம் கிருமியோடு வந்தது. இடையில் இருப்பது கூரைமேல் தாங்கி மட்டும். பி.எச்.ஐ. சேர் ஏன் இரண்டு இடத்தில் எடுக்கச் சொன்னார் என்று அப்போதுதான் விளங்கியது. ஏறிப் பார்த்தால் மூடி ஒரு பக்கம் வெடித்து, உள்ளே பல்லி, அடியில் விரல் தடிப்புக்குச் சேறு. தேய்த்துக் கழுவி, குளோரீன் போட்டு ஊறவைத்து, மூடியும் மாற்றியாயிற்று. குழந்தைக்கு மீற்றர் ரப் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கரைக்கிறோம். கிணறு குளிக்க, தோய்க்க, தென்னைக்கு.

கால போகத்துக்கு வயலில் உரம் எறிந்து மாரி மழையும் பெய்தபிறகு கிணற்றை ஒருக்கால் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறா அந்த மிஸ். நைத்திரேற்று மட்டும் என்றால் காசு குறைவு, வெள்ளிக்கிழமைப் பிரச்சினையும் இல்லை.

மெசின்காரர் போன கிழமை போன் எடுத்தார், விலை குறைத்திருக்கிறதாம். உங்கள் மெசினுக்குள் 55 நைத்திரேற்று போனால் எத்தனையாக வெளியே வரும், அதற்கு ஆய்வுகூட அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். கொம்பனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவர், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போல.