பிளைவுட் பெட்டி

2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகில் எதைக் கட்ட உட்கார்ந்தாலும் முதலில் கைக்கு வருவது ஒரு பெட்டிதான். பக்கத்துக்கு அரை மீட்டர், மேலே பிளைவுட் நிறம். தரையில் ஓரிடத்தைச் சொடுக்கினால் வந்து நிற்கும். இழுத்து நீட்டினால் சுவர், நசுக்கினால் தரை, நடுவில் துளையிட்டால் சன்னல் சட்டம். மாளிகையானாலும் கழிவறையானாலும் பிறந்தது அந்தப் பெட்டியில்தான். சக்கரத்திலிருந்து பானையை எடுப்பதுபோல நம் கண்ணெதிரே உருவாகும். இதில் ஒரு சங்கடமும் உண்டு: பக்கத்தில் நிற்பவர் எல்லோரும் நம் தடுமாற்றத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செகண்ட் லைஃபில் கட்டடம் கட்டும் வேலைக்கு நான் போனபோது ஒரு கல்வி நிறுவனத்துக்காகப் பயிற்சி மண்டபம் கட்டவேண்டியிருந்தது. கிடைத்த நிலம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். அந்த உலகில் ஒரு முழு நிலம் என்றால் அவ்வளவுதான். எனக்குக் கட்டட வரைபடம் படிக்கத் தெரியும் என்ற கர்வம் இருந்தது. கதவு 2.1 மீட்டர், கூரை 3 மீட்டர், தாழ்வாரம் ஒன்றரை மீட்டர் என்று அளந்து அளந்து கட்டினேன். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன், அவரும் பாராட்டினார்.

மூத்த சக பணியாளர் ஒருவர் மட்டும் பாராட்டவில்லை. தம் அவதாரத்தை, அதாவது அந்த உலகில் தமக்குப் பதிலாக நடமாடும் உருவத்தை, வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தவர், உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். "தம்பி, எனக்குக் கூரையின் மேல்பக்கம்தான் தெரிகிறது. நீயே நடந்து பார்த்தாயா?" என்று கேட்டார். நடந்து பார்க்கவில்லை. கட்டுகிறவன் கேமராவை, அதாவது திரைக்காட்சியைப் பார்க்கும் கண்ணை, வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருப்பான். வருகிறவருக்கோ அது அவதாரத்தின் முதுகுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே மிதக்கிறது. அவதாரம் அறைக்குள் நின்றாலும் கண் சுவருக்கு வெளியே நின்றுவிடும். அவதாரங்களும் நம்மைவிட உயரமானவை, பலவும் ஏழடி. அன்று இரவே கூரையை 5 மீட்டருக்குத் தூக்கினேன், கதவை இரட்டிப்பு அகலமாக்கினேன். வரைபடத்தில் பார்த்தால் அரக்கர்களுக்குக் கட்டிய வீடு போலிருந்தது. நடந்து பார்த்தபோது சாதாரண அறை.

அதன்பிறகு எல்லாவற்றையும் நடந்தே பார்த்தேன். படிக்கட்டில் ஏறினால் அவதாரம் ஒவ்வொரு படியிலும் துள்ளியது. படிகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத சரிவுப் பலகை ஒன்றைப் படுக்கவைப்பதுதான் அதற்கு மருந்து; அவதாரம் பலகையில் வழுக்கிக்கொண்டு மேலே போகும், பார்ப்பவருக்குப் படியேறுவதாகத் தெரியும். கதவுக் கைப்பிடிக்கு 1024க்கு 1024 புள்ளி அளவில் டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்) போட்டிருந்தேன். அப்படி ஒன்று பார்ப்பவர் கணினியில் சுமார் 4 மெகாபைட் நினைவகத்தைத் தின்னும். 512க்கு 512 என்றால் 1 மெகாபைட் போதும். உள்ளங்கை அளவுள்ள ஒரு கைப்பிடிக்காக வருகிறவர், மற்ற படங்கள் வந்துசேரும் வரை, சாம்பல் நிறச் சுவர்களைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது என்ன நியாயம்? (பின்னாளில் பயிற்சிக்கு வந்தவர்களைப் பார்த்தால், எல்லோருமே முதல் வாரத்தில் கைப்பிடியில்தான் நினைவகத்தைக் கரைக்கிறார்கள்.)

மண்டபத்தில் நான் பெரிதும் நம்பியது ஒரு தேடல் விளையாட்டை. ஏழு அறைகளில் ஏழு குறிப்புகள். புதியவர்கள் இரண்டு நாள் சுற்றித் திரிந்தால் இடம் முழுவதும் பழகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்போதுதான் ஹாபிடாட் பற்றிப் படித்தேன். 1980களின் நடுவில் கொமடோர் 64 கணினிக்காக லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய உலகம் அது. சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் அதன் கர்த்தாக்கள். திரையில் நம்மைக் குறிக்கும் உருவத்துக்கு அவதாரம் என்ற பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. அவர்களும் ஒரு பெரிய சாகசத் தேடலை வாரக்கணக்கில் கட்டினார்கள். ஆட்களைப் பல நாள் இழுத்துப்பிடிக்கும் என்று நினைத்தார்கள். முக்கியமான குறிப்பை முதல் கால் மணி நேரத்திலேயே பிடித்துவிட்ட ஒருவர் ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார். பலர் உள்ளே வருவதற்குள்ளேயே ஆட்டம் ஓய்ந்திருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன், என் ஏழு குறிப்புகளை அப்படியே விட்டுவைத்தேன். அது என் தவறு.

திறப்பு நாளில் முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலாக வந்தார்கள். எல்லோரும் ஒரே வரவுப் புள்ளியில், அதாவது உள்ளே வருகிறவர் முதலில் தோன்றும் இடத்தில், ஒருவர்மேல் ஒருவராக முளைத்தார்கள். சர்வர் திணறியது, நடை மணலில் நடப்பதுபோல் ஆனது. ஏழு குறிப்புகளையும் ஒருவர் நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்து, விடையை எல்லோருக்கும் அரட்டையில் போட்டுவிட்டார். அந்த உலகில் அவதாரங்கள் பறக்கவும் செய்யும். பறக்கத் தெரிந்தவர்களுக்கு என் தாழ்வாரங்கள் எதற்கு? நேராகக் கூரைக்குப் போய்விட்டார்கள். அரங்கில் நாற்பது நாற்காலிகள், ஒருவரும் உட்காரவில்லை.

வரவுப் புள்ளிக்குப் பக்கத்தில் நான் அளவு பார்க்கப் போட்டு, அழிக்க மறந்த பிளைவுட் பெட்டி ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒருவர் ஏறி நின்றார். அடுத்தவர் அவரைத் தள்ளிவிட்டு ஏறினார். பத்து நிமிடத்தில் அதைச் சுற்றி வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக்கான கேள்விகள் எல்லாம் அங்கேதான் கேட்கப்பட்டன.

அன்றிரவு வெட்கத்தோடு அதை அழித்தேன். மறுநாள் காலையில் மூன்று செய்திகள், மூன்றிலும் ஒரே கேள்வி: பெட்டி எங்கே? தேக்கு மரக் கோடுகள் போட்ட நல்ல மேடை ஒன்றைச் செய்து அதே இடத்தில் வைத்தேன். இரண்டு நாள் யாரும் ஏறவில்லை. மூன்றாம் நாள் மேடையை எடுத்துவிட்டு, தரையைச் சொடுக்கினேன். பெட்டி வந்து நின்றது. நீட்டவில்லை, நிறம் மாற்றவில்லை, அப்படியே விட்டேன்.