என் பக்கம் முடிந்தது

"என் பக்கம் முடிஞ்சுதுன்னுதானே மேடம் எழுதினேன். முடிஞ்சுதுன்னு நான் எழுதவே இல்லையே."

அந்தத் தம்பி குரலை உயர்த்தவில்லை. எட்டு மாதம் ஆகிறது, இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

பதினோரு வருடம் நூலகத்தில் நூற்பட்டியல் போட்டவள் நான். திட்ட மேலாண்மைக்கு வந்தபோது அந்தப் பழக்கம் கைகொடுக்கும் என்று நம்பினேன். கொடுக்கவும் செய்தது. வேலை நிலைப் பட்டியலில் ஒரு குழு 'முடிந்தது' என்று எழுதும், இன்னொன்று 'ஒப்படைத்தாயிற்று' என்னும், மூன்றாவது 'க்ளோஸ்டு'. நூலகத்தில் இதற்கு மருந்து உண்டு. புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் என்று இரண்டு பெயர் வந்தால் இரண்டு ஆசிரியர்களாக விடமாட்டோம். ஒன்றைத் தலைப்பாக நிறுத்தி மற்றதை அதன்கீழ் கொண்டுவருவோம். அதையேதான் செய்தேன். எல்லாம் 'முடிந்தது'. கூட்டங்கள் பாதியாகக் குறைந்தன. அந்தப் பலன் உண்மை, இன்றும் சொல்வேன்.

அவனுடைய வரியையும் அப்படித்தான் மாற்றினேன். அவன் பக்கம் நிரல், சோதனை வேறொருவர் பக்கம். சோதனையும் ஆகிவிட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் தெரிந்தது. விளக்கம் கேட்டது அவனிடம்.

சோதனை பாக்கி என்று அவன் ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாமே என்று சில நாள் தோன்றும். சேர்த்திருந்தால் அதையும் அழித்திருப்பேன்.

நூலகத்தில் விருத்தாசலத்தை நாங்கள் அழிப்பதில்லை. அந்தப் பெயரில் தேடி வருகிறவருக்கு 'காண்க: புதுமைப்பித்தன்' என்று ஓர் அட்டை காத்திருக்கும். நான் கற்றது 1978இல் வந்த ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகள். தலைப்புப் பக்கத்தில் இருப்பதை உள்ளபடி எழுது, நீயாக ஊகித்ததைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடு என்பார்கள். இது புத்தகம் சொன்னதல்ல, பட்டியல் போட்டவர் சொன்னது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். எத்தனை ஆயிரம் அடைப்புக்குறி போட்ட கை இது! இங்கே ஒன்றுகூடப் போடவில்லை.

அதுமட்டும்தான் தவறா என்றும் தெரியவில்லை. அச்சான தலைப்புப் பக்கம் மாறாது. வேலையின் நிலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைவிட, இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று பார்க்காமல் நூலகத்தில் நான் சேர்த்ததே இல்லை. இங்கே ஏன் பார்க்கவில்லை? அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன். நூலகத்திலும் அவசரம் இருந்தது.

இப்போது வேலை நிலைப் பட்டியலில் தனியாக ஒரு பத்தி வைத்திருக்கிறேன். அவரவர் எழுதியது எழுதியபடியே அதில் இருக்கும், நான் தொடுவதில்லை. அவன் மட்டும் அதில் வெறுமனே 'முடிந்தது' என்றே எழுதுகிறான்.