விலை நோட்டும் ஈஎஸ்எஸ்ஸும்

13 ஜூலை 2025, ஞாயிறு

என் ஆய்வுக்காகத் திருமங்கலம் போய்ச் சித்தப்பாவின் பூ விலை நோட்டுகளை வாங்கி வந்துவிட்டேன். மொத்தம் ஆறு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அன்றன்று ஒரு கிலோ மல்லிகை என்ன விலைக்குப் போனது, நம் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோ போனது, அது என்ன தமிழ் மாதம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. பூ அனுப்பாத நாளில் விலைக்குரிய இடத்தில் "வரத்து இல்லை" என்று எழுதியிருக்கிறார். ஒரு நாள்கூட வெற்றாக விடவில்லை. விடியுமுன் மொக்குப் பறித்தவர்களின் உழைப்பு இந்த எண்களில் இருக்கிறது. கணினியில் ஏற்றும்போது ஒன்றையும் பிழையாகத் தட்டிவிடக் கூடாது.

15 ஜூலை, செவ்வாய்

இதுவரை நோட்பேடில் எழுதி, வெட்டி, ஆர் என்ற புள்ளியியல் மொழியின் திரையில் ஒட்டித்தான் வேலை செய்து வந்தேன். எந்த வரியை ஓட்டினேன், எதை ஓட்டவில்லை என்பது அரை மணி நேரத்தில் மறந்துபோகும். துறையில் ஓர் அக்கா, இமாக்ஸ் என்ற உரைத் திருத்தியையும், அதற்குள்ளிருந்தே ஆரை ஓட்ட உதவும் ஈஎஸ்எஸ் என்ற துணைநிரலையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். இன்று போட்டேன்.

மெட்டா-எக்ஸ் (ஆல்ட் விசையோடு எக்ஸ்) அழுத்தி 'ஆர்' என்று கொடுத்தால், எந்தக் கோப்புறையில் தொடங்க வேண்டும் என்று கேட்டுவிட்டு ஆர் எழுந்து வருகிறது. மேலே என் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு), கீழே ஆர். கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் கர்சர் நிற்கும் வரி கீழே போய் ஓடுகிறது, கர்சர் அடுத்த வரிக்கு நகர்கிறது. கண்ட்ரோல்-சி இரண்டு முறை என்றால் ஒரு முழுப் பத்தியோ, ஒரு முழுச் சார்போ போகிறது. கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-இசட் ஆர் இருக்கும் பக்கத்துக்குத் தாவ. முதல் நாளுக்கு இந்த மூன்றே போதும்.

பழைய பாடம் ஒன்றில் அடிக்கோட்டு விசையைத் தட்டினால், ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுக்கும் அம்புக்குறி (<-) வரும் என்று போட்டிருந்தது. எனக்கு வரவில்லை. பழைய பதிப்புகளில் அப்படி இருந்ததாம், புதியவற்றில் அடிக்கோடு அடிக்கோடாகவே விழுகிறது. என் அட்டவணைப் பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்களில் அடிக்கோடு நிறைய வருவதால் இதுவே எனக்கு வசதி.

17 ஜூலை, வியாழன். ஆடி 1

ஆடி பிறந்த நாளில் ஆடிதான் வழிமறித்தது. மாதவாரியாக வரைபடம் போட்டால் இடது ஓரத்தில் ஆடி, வலது ஓரத்தில் வைகாசி. சித்திரை நடுவில் எங்கோ கிடக்கிறது. மாதம் போன்ற வகைப் பெயர்களை ஆர் 'ஃபேக்டர்' என்ற வடிவில், பெயருக்கு ஒரு வரிசை எண்ணாக வைத்துக்கொள்ளும். வரிசை எதுவும் சொல்லாவிட்டால் ஆர் அதை அகர வரிசையில் அடுக்கிவிடும். அதற்கு நம் ஆண்டு சித்திரையில் பிறப்பது எப்படித் தெரியும்? பன்னிரண்டு பெயர்களையும் சித்திரை முதல் பங்குனி வரை நானே வரிசையாக எழுதி 'லெவல்ஸ்' என்று கொடுத்தேன். அதன் பிறகு படம் பேசியது: மார்கழி, தை இரண்டும் உயர்ந்து நிற்கின்றன. பனிக்குச் செடி மொக்கு வைக்காத மாதங்கள் அவை. வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் பூ கொட்டும், விலை விழும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், சித்தப்பா எழுதிய எண்களிலிருந்தே அது எழுந்து வந்ததைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

இமாக்ஸ் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. 27ஆம் பதிப்பிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் செய்கிறது. கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

20 ஜூலை, ஞாயிறு

ஈஎஸ்எஸ்ஸின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடனிருந்தவர்களும் புள்ளியியலுக்கான எஸ் மொழியைத் தொடங்கினார்கள். அதே 1976இல் எம்ஐடியில் முதல் இமாக்ஸ் பிறந்தது. பின்னர் ஆக்லாந்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எஸ் வழியில் ஆர் மொழியை உருவாக்கினார்கள். அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. எஸ் மொழிக்கென இமாக்ஸில் முன்பே இருந்த துணைநிரல்தான் வளர்ந்து ஈஎஸ்எஸ் ஆனது. அதை நெடுங்காலம் பேணியவர்களில் ஒருவரான மார்ட்டின் மேக்லர், ஆர் மொழியின் மையக் குழுவிலும் இருப்பவர். மொழியைப் பேணுபவர்களில் ஒருவரே அதை எழுதும் கருவியையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். விசைகள் இவ்வளவு கைக்கு இணக்கமாக இருப்பதன் காரணம் எனக்கு விளங்கிவிட்டது.

22 ஜூலை, செவ்வாய்

துறைக் கணினியில் அதே ஸ்கிரிப்ட்டை மாதவாரிப் படம் வரை ஓட்டினேன். மார்கழி விலை தரைமட்டத்தில் கிடந்தது. பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கை நடுங்கிவிட்டது. இரண்டு நாளில் ஆய்வு வழிகாட்டியிடம் காட்ட வேண்டிய படம் இது.

ஒவ்வொரு வரியாகக் கண்ட்ரோல்-என்டர் கொடுத்துக் கீழே பார்த்துக்கொண்டே இறங்கினேன். விலைப் பத்தியை எண்ணாக மாற்றும் வரியில் பிடிபட்டது. அந்தக் கணினியில் இருப்பது ஆர் 3.6. 4.0க்கு முந்தைய பதிப்புகளில், அட்டவணைக் கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி கட்டளை, எழுத்து கலந்த பத்தியைத் தானாகவே ஃபேக்டர் ஆக்கிவிடும். "வரத்து இல்லை" கலந்திருந்ததால் விலைப் பத்தி முழுவதும் ஃபேக்டர் ஆகிவிட்டது. ஃபேக்டரை நேராக எண்ணாக மாற்றினால் விலை வராது, வரிசை எண்தான் வரும்.

சிறிதாக ஒன்று செய்து பார்த்தேன். 900, 1200, 300, வரத்து இல்லை. விடை: 3, 1, 2, 4. எழுத்தாக அடுக்கும்போது 1200 தான் முதலில் வரும். அதனால் மிக உயர்ந்த விலைக்கு 1. பூவே வராத நாளுக்கு 4! என் மடிக்கணினியில் இருப்பது புதிய ஆர் என்பதால், அங்கே அந்த நாள்கள் விடுபட்ட மதிப்புகளாக மாறி, எச்சரிக்கையும் வந்திருந்தது. மருந்து ஒரு வரிதான்: முதலில் எழுத்தாக மாற்றி, பிறகு எண்ணாக மாற்ற வேண்டும். இரண்டு பதிப்பிலும் சரியாக ஓடும்.

23 ஜூலை, புதன்

நேற்றைய பயம் போகவில்லை. ஆர் பக்கத்தை மூடி, புதிதாகத் திறந்து, ஸ்கிரிப்ட்டை முதல் வரியிலிருந்து ஓட்டினேன். பாதியில் நின்றது. ஒரு வாரத்துக்கு முன் கீழே நேரடியாகத் தட்டி உண்டாக்கிய ஓர் அட்டவணை ஸ்கிரிப்ட்டில் இல்லவே இல்லை. இதுநாள்வரை ஆரின் நினைவில் கிடந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஈஎஸ்எஸ் கையேடு இதைத்தான் சொல்கிறது: மூல நிரலே மெய், ஆரில் இருக்கும் பொருள்கள் அதிலிருந்து உண்டாகுபவை. முதல் முறை படித்தபோது கடந்து போய்விட்டேன். இனி மூடும்போது "நினைவைச் சேமிக்கவா" என்று ஆர் கேட்டால் வேண்டாம் என்பதே என் பதில். சேமிக்காமலும் பழையதை மீட்காமலும் தொடங்கும்படி இமாக்ஸ் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டேன். கீழே நேரடியாகத் தட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

மாலையில் இரண்டு கணினியிலும், நினைவில் எதுவும் இல்லாமல் புதிதாகத் திறந்த ஆரில் ஓட்டினேன். எல்லா எண்களும் ஒத்துப்போயின.

3 ஆகஸ்ட், ஞாயிறு. ஆடிப்பெருக்கு

படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மாதம் சரி தாயி. முகூர்த்த நாளை எங்கே காணோம்? வைகாசியில் பூ கொட்டும்போதும் முகூர்த்தத்துக்கு முதல் நாள் விலை ஏறுமே" என்றார். அலமாரியிலிருந்து பழைய பாம்புப் பஞ்சாங்கங்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்.

முதல் ஆண்டின் முகூர்த்த நாள்களைத் தட்டி முடித்து, விலை அட்டவணையோடு சேர்க்கும் வரியை ஸ்கிரிப்ட்டில் உரிய இடத்தில் எழுதினேன். ஆரை மூடித் திறந்து மேலிருந்து ஓட்டினேன். ஓடியது. இன்னும் ஐந்து பஞ்சாங்கங்கள் இருக்கின்றன.