விலக விலக வளரும் வேட்கை

போதைப்பொருளை நிறுத்தி நாள் செல்லச் செல்ல வேட்கை தேயும் என்றே எண்ணுவோம். ஆனால் ஜெஃப்ரி கிரிம், யாவின் ஷாஹம் முதலியோர் 2001-இல் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. நெம்புகோலை அழுத்தித் தமக்குத் தாமே கொக்கெயின் செலுத்திக்கொள்ளப் பழகியிருந்த எலிகளுக்கு, அது நிறுத்தப்பட்ட பின், முன்பு அதனுடன் சேர்ந்து வந்த ஒளியும் ஒலியும் மட்டும் அளிக்கப்பட்டபோது, அவை பயனின்றி நெம்புகோலை அழுத்திய எண்ணிக்கை முதல் நாளைவிட 60-ஆம் நாளில் மிகுந்திருந்தது.

நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் என்னும் மூளைப் பகுதியில், கால்சியத்தை உள்ளே விடும் ஒருவகை குளூட்டமேட் ஏற்பிகள் (நரம்புகளிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் புரதங்கள்) இந்த விலகல் காலத்தில் பெருகுவதை 2008-இல் வந்த ஆய்வு கண்டறிந்தது. அவற்றைத் தடுத்தபோது அத்தேடலும் தணிந்தது.

எனினும், நெம்புகோல் அழுத்தத்தை மனித வேட்கைக்கு அப்படியே ஈடாக்க எனக்குத் தயக்கம் உண்டு. தனிக்கூண்டில் அந்த எலிக்கு வேறு என்னதான் இருந்தது? சக எலியுடன் பழகும் வாய்ப்பையும் சேர்த்து அளித்த 2018 ஆய்வில், பெரும்பாலான எலிகள் மெத்தாம்பெட்டமின் என்னும் போதைப்பொருளை விடுத்துத் துணையையே தேர்ந்தன.