உரலில் இடித்த செம்மண் எனக்குச் சொன்னது

உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞானத்துக்கு முதல் தடவை எனக்கு வந்தது ‘சி’. மண் பற்றிய கட்டுரை வினாவை வெட்டி விழுத்திவிட்டேன் என்ற நினைப்போடுதான் மண்டபத்தை விட்டு வெளியே வந்தேன். ‘மணலில் துளைவெளி அதிகம், ஆகவே நீர் வேகமாக வடியும்; களியில் துளைவெளி குறைவு, ஆகவே மெதுவாக வடியும்.’ இதுதான் எழுதியது. முடிவு சரி, காரணம் தலைகீழ். மொத்தத் துளைவெளி பொதுவாகக் களியில்தான் கூட. ஆனால் 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கைகளுக்கு இடையில் இருக்கும் துளைகள் நுண்ணியவை, நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்பவை. பக்கத்து வீட்டில் பௌதிகவியல் படித்த பெடியன் இதை ஒரே வரியில் சொன்னான்: குழாயின் ஆரை பாதியானால் பாயும் நீர் பதினாறில் ஒன்றாகிவிடும். அதன் பிறகு நான் மறக்கவில்லை.

இரண்டாந்தரம் எடுக்க முன்னர் நோட்ஸை மூடி வைத்துவிட்டு மூன்று சோடாப் போத்தல்களை எடுத்தேன். அடியை வெட்டி, வாயில் துணி கட்டி, தலைகீழாக நிறுத்தினேன். ஒன்றில் மணற்காட்டு மணல், ஒன்றில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மாமாவின் தோட்டத்துச் செம்மண், மற்றதில் உப்பாற்றுப் பக்கத்துச் சாம்பல் மண். மூன்றிலும் அரைப் போத்தல் தண்ணீர்.

மணலில் ஊற்றிய கையோடு தண்ணீர் கீழே வந்தது. சாம்பல் மண்ணில் அடுத்த நாள் காலையிலும் மேலே தேங்கி நின்றது. உவர்த் தரையில் சோடியம் கூட. உப்பு இருக்கும் வரை களி ஓரளவு திரண்டிருக்கும், நல்ல தண்ணீர் பட்டு உப்புக் கரைந்து போனதும் சோடியம் ஏறிய களி பிரிந்து கலங்கித் துளைகளை அடைத்துவிடும்.

ஆளைக் குழப்பியது செம்மண். அதையும் தண்ணீர் எளிதில் விடவில்லை. ஆனால் மாமாவின் தறையில் எவ்வளவு இறைத்தாலும் கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் காய்ந்துவிடும். பிறகுதான் பிடிபட்டது: ஒரே அளவாக இருக்கட்டும் என்று அந்த மண்ணை அம்மாவின் உரலில் இடித்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்திருந்தேன். (அதற்கு வாங்கிய ஏச்சு தனிக் கதை.) இடிக்காமல், தோட்டத்தில் கிடந்தபடியே சிறு கட்டிகளாகப் போட்டதும் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. களி அதே களிதான். இரும்பு ஒட்சைட்டுகள் அதைக் குறுணி குறுணியாக ஒட்டி வைத்திருக்கின்றன; நீர் போவது அந்தக் குறுணிகளின் இடைவெளியால். மண் இழையமைப்பு (துணிக்கைகளின் பருமன்) ஒன்று, மண் கட்டமைப்பு (அவை ஒட்டியிருக்கும் விதம்) இன்னொன்று என்பதை நான் விளங்கியது இப்படித்தான். வினாவில் எங்கள் செம்மண் வந்தால் களி வீதத்தை மட்டும் பார்த்து ‘வடிகால் குறைவு’ என்று எழுதிவிடாதீர்கள்.

போசணைக்கு வேறு கணக்கு. பாடசாலை ஆய்வுகூடத்தில் கேட்டு மெதிலீன் நீலம், இயோசின் என்ற இரண்டு சாயங்களில் சில துளி வாங்கி வந்து, செம்மண்ணில் தனித்தனியே ஊற்றினேன். நீலம் மண்ணிலேயே தங்கிவிட்டது, கீழே வந்த தண்ணீரில் நிறமே இல்லை. இயோசின் கொஞ்சம் வெளிறி, இளஞ்சிவப்பாக இறங்கியது. நீலம் நேரேற்றம், களியும் இயோசினும் மறையேற்றம். அமோனியம், பொற்றாசியம், கல்சியம் எல்லாம் நீலத்தின் பக்கம். நைத்திரேற்று இயோசினின் பக்கம். பொசுபேற்றும் மறையேற்றம்தான், ஆனால் இரும்போடும் சுண்ணாம்போடும் பிணைந்து மண்ணிலேயே நின்றுவிடும். இந்த விதிவிலக்கை எழுதினால் பரீட்சகருக்கு நீங்கள் விளங்கிப் படித்தது தெரியும்.

போத்தலைப் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: “யூரியாவைப் போட்டிட்டுக் கிணறு வத்த இறைச்சா, அது வெங்காயத்துக்கில்லைத் தம்பி, திரும்பக் கிணத்துக்குத்தான்.” அவர் சொன்னதை விடைத்தாள் மொழியில் எழுதினால் இப்படி வரும்: யூரியா அமோனியமாகிறது, காற்றோட்டமுள்ள சூடான மண்ணில் பற்றீரியா அதை நைத்திரேற்றாக்குகிறது, களி அதைப் பிடிக்காது, கீழே இருப்பதோ வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல், வடிகட்ட அங்கே எதுவுமில்லை. குடிநீருக்கு உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாக ஆகச் செறிவு கூடும்.

தீர்வு கேட்டால் ‘சேதனப் பசளை இட வேண்டும்’ என்பதோடு நிறுத்துவது வழமை. அது அரை மாக்ஸ் விடை. எங்கள் ஆட்கள் பூவரசங் குழை தாட்டது ஏன்? குழை உக்கி வரும் உக்கல், களியைவிடப் பல மடங்கு கற்றயன்களை (நேரேற்ற அயன்களை)ப் பிடித்து வைக்கும், குறுணிகளையும் ஒட்டும். அதோடு யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுவது, இறைப்பைக் குறைத்து அடிக்கடி செய்வது. இரண்டாந்தரம் இந்த வினாவுக்குப் படம் வேறு கீறினேன்: செம்மண், அதன் கீழ் சுண்ணாம்புக்கல், அதற்குள் கடல்நீருக்கு மேல் மிதக்கும் நன்னீர் வில்லை, மேலே மாமாவின் இறைப்பு மெசின். மெசினுக்கு மாக்ஸ் கிடைத்திருக்காது.