எம்.எம்.ஏ முதல் அக்ரிலிக் தகடு வரை: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 2

அக்ரிலிக்கின் மூலத் திரவமான மெத்தில் மெத்தாக்ரிலேட் (எம்.எம்.ஏ) 150 மி.லி. பிரிபுனலில். 5% சோடியம் ஹைட்ராக்சைடு, 30 மி.லி. வீதம் மூன்று கழுவல். விலைக்கு வரும் எம்.எம்.ஏ-வில் தானாக இறுகாமல் காக்கும் எம்.இ.எச்.க்யூ என்ற தடுப்பான் இருக்கும். ஃபீனால் வகை, லேசான அமிலம் என்பதால் காரத்தோடு போய்விடும். பிறகு லிட்மஸ் நீலமாவது நிற்கும் வரை தண்ணீர்க் கழுவல், கடைசியில் ஈரம் உறிஞ்ச நீரற்ற சோடியம் சல்ஃபேட். கலங்கல் தெளிந்தபின் வடிகட்டி ஃப்ரிட்ஜில். தடுப்பான் போன திரவம், ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

கழுவாத பாட்டிலை நைட்ரஜன் நிரப்பிப் 'பத்திரப்படுத்துபவர்கள்' உண்டு. செய்யாதீர்கள். இந்தத் தடுப்பான் வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாமல் வெயில் காலத்தில் வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே இறுகலாம்.

ஜூன் 3

எம்.எம்.ஏ 100 மி.லி. (94 கிராம்), வினையைத் தொடங்கிவைக்கப் பென்சாயில் பெராக்சைடு 0.2 கிராம். இருப்பில் உள்ளது 25% நீர் சேர்ந்த பொடி, ஆகவே நிறுக்க வேண்டியது 0.27 கிராம். பிளாஸ்டிக் கரண்டி மட்டும். காய்ந்த பெராக்சைடு உராய்வுக்கே வெடிக்கும்.

நைட்ரஜனைக் கால் மணி நேரம் குமிழவிட்டு, ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் பொருத்தி, 80 டிகிரி நீர்த்தொட்டியில். எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள் (ஃப்யூம் ஹூட்).

பத்து நிமிடம் ஆகியும் குடுவையில் மாற்றம் தெரியாது, தண்ணீர் போலவே இருக்கும். அதில் ஒரு துளியை மெத்தனாலில் விட்டால் வெள்ளைத் திரிகள் படியும். நீளமான பாலிமர் அப்போதே வந்துவிட்டது! பெராக்சைடு உடைந்து வரும் தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிகல், இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துண்டு) எம்.எம்.ஏ-வின் இரட்டைப் பிணைப்பைத் திறக்கிறது. திறந்த முனை அடுத்ததைப் பிடிக்கிறது. ஒரு சங்கிலி நொடிகளுக்குள் ஆயிரக்கணக்கான கண்ணிகளைச் சேர்த்து முடிந்துபோகிறது. சுற்றிலும் இருப்பது தொடப்படாத எம்.எம்.ஏ.

நைலானில் கதை வேறு. அங்கே இரண்டிரண்டாக, நான்கு நான்காகத்தான் வளரும்; 95% வினை முடிந்தாலும் சங்கிலியின் சராசரி நீளம் 20 அலகுதான். 100 ஆக வேண்டுமானால் 99% தேவை.

ஜூன் 3, மதியம்

ஒற்றைக் கம்பிப் பாகு பதம் வந்ததும் குடுவை பனிக்கட்டித் தொட்டிக்குப் போனது. 'இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்' என்று காத்திருப்பதுதான் இந்த வேலையில் அதிகம் பேரைக் கெடுப்பது. பாகு கெட்டியானபின் வளரும் முனைகள் ஒன்றையொன்று சந்தித்து முடிவது அரிதாகிறது. குட்டி எம்.எம்.ஏ மூலக்கூறுகளோ தடையின்றி வந்து சேர்கின்றன. வினை வேகம் தானாகவே எகிறும். ஒரு மோலுக்கு சுமார் 57 கிலோஜூல் வெப்பம். வெளியேற வழியில்லையென்றால் சூடு 200 டிகிரிக்கு மேல் ஏறப் போதும். எம்.எம்.ஏ கொதிப்பது 100-க்கு ஒட்டி. நுரைத்த கட்டிதான் மிஞ்சும்.

ஜூன் 4

இரு கண்ணாடித் தகடுகள், நடுவில் 4 மி.மீ. பி.வி.சி குழாய், சுற்றிலும் கிளிப்புகள். ஆறிய பாகை லேசான வெற்றிடத்தில் காற்று நீக்கி, சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும். வாயை இறுக மூடாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், ஆக்சிஜன் வளரும் முனைகளை மடக்கிவிடுவதால்.

இரவு முழுக்க 50 டிகிரி நீர்த்தொட்டி. சூடான காற்று சுற்றும் ஓவனைவிட இதுவே மேல், வெப்பத்தை நீர் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். அடர்த்தி 0.94-லிருந்து 1.18 ஆவதால் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். வளையும் குழாய் வைப்பது இதற்காகத்தான்: தகடுகள் கூடவே நெருங்கி வரும். விறைப்பான இடைச்சட்டம் வைத்தால் பாலிமர் கண்ணாடியை விட்டுப் பிரிந்து குழி விழும்.

ஜூன் 5

ஓவனில் 110 டிகிரி, இரண்டு மணி நேரம், மீந்த எம்.எம்.ஏ-வும் வினைப்படும். ஓவனை நிறுத்தி உள்ளேயே ஆறவிட்டோம். சூட்டோடு எடுத்தால் உள் அழுத்தம் தங்கி, பின்னாளில் ஆல்கஹால் பட்டதும் மயிரிழை விரிசல் ஓடும்.

ஒரு துண்டு குளோரோஃபார்மில் முழுதும் கரைந்தது. குறுக்குப் பிணைப்பு இல்லை, எல்லாம் தனித்தனிச் சங்கிலிகள். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட் 1% சேர்த்து வார்த்த துண்டு ஊதிப் பெருத்ததே தவிரக் கரையவில்லை.