31 டைகளில் 13 முடிந்தது

மார்ச் மாதம் பழைய பொருள்களை நன்கொடையாக வாங்கி விற்கும் எங்கள் தெருமுனை சாரிட்டி கடைக்கு ஒரு பை நிறைய டை வந்து சேர்ந்தது. சனிக்கிழமை காலைகளில் அங்கே வருகிற துணிகளைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பது என் வேலை. பையைக் கொட்டி எண்ணினேன், 31. பாதிக்கு மேல் கோடு போட்டவை, சிலவற்றில் கிரீடமும் சிறகுமாகச் சின்னங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி டை உண்டு; ஒரே ஆள் இத்தனை படைப்பிரிவுகளில் இருந்திருக்க முடியாது. யாரோ வருடக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்தது. ஒன்று ஒரு பவுண்டு என்று கூடையில் போடப் போனார்கள். எது யாருடையது என்று பார்த்துச் சொல்கிறேன், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இங்கிலாந்தில் இது சாதாரணக் கழுத்துத் துணி இல்லை. ராணுவத்தை விட்டு வந்தவர்கள் சீருடையைக் கழற்றிய பிறகும் மிச்சம் வைத்துக்கொள்வது இந்த டையைத்தான். நவம்பரில் லண்டன் செனடாஃப் நினைவிடத்தைக் கடந்து போகும் முதியவர்களைப் பார்த்தால் தெரியும். கோட்டில் பதக்கம், கழுத்தில் தன் படைப்பிரிவின் டை. அந்தப் பிரிவில் வேலை செய்யாதவர் அதைக் கட்டிக்கொள்வது மரியாதைக் குறைவு. அதனால்தான் பெயர் தெரியாமல் கூடையில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாள் நிறத்தை வைத்துப் பிரித்தேன். அது தப்பான வழி என்று அடுத்த நாளே தெரிந்தது. கருநீலமும் மெரூனும் கலந்த டை மட்டும் ஐந்து இருந்தன. ஐந்தையும் அரண்மனைக் காவல் படையினர் கட்டும் கார்ட்ஸ் டை என்று ஒரே அட்டையில் எழுதிவிட்டேன். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தபோதுதான் இரண்டில் மட்டும் பட்டைகளுக்கு நடுவே நூலிழை போல ஒரு வெளிர்நிறக் கோடு ஓடுவது தெரிந்தது. அவை விமானப்படை டைகள். கார்ட்ஸ் டையில் இரண்டு நிறமும் அகலமாக மாறி மாறி வரும், இடையில் வேறு கோடு இருக்காது. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மெரூன், பழுப்பு, கருஞ்சிவப்பு எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

அப்புறம் கோட்டின் சாய்வு. பிரிட்டிஷ் டைகளில் பெரும்பாலும் கோடு கட்டியிருப்பவரின் இடது தோள் பக்கத்திலிருந்து வலப்பக்கமாக இறங்கும். இதயத்திலிருந்து வாள் பிடிக்கும் கைக்கு என்று இங்கே சொல்வார்கள். அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் துணி நிறுவனம் இதே கோடுகளைத் திருப்பிப் போட்டு விற்றது. மேசையில் விரித்து வைத்தால், வலது மேலிருந்து இடது கீழே போவது பிரிட்டிஷ் வழக்கம். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் சந்தேகத்தைக் கிளப்ப இது போதும். என் பையில் நான்கு டைகள் எதிர்த்திசையில் சாய்ந்திருந்தன. சின்னமும் இல்லை, வெறும் அலங்காரக் கோடு. அவற்றையும் பள்ளி, கிளப் டைகளையும் சேர்த்து 11 கழிந்தது.

மீதி 20ல் சில பார்த்தவுடன் பேசின. கருநீலத்தில் சிவப்பு மின்னல் போல வளைந்து வளைந்து ஓடினால் ராயல் ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. இது மூன்று இருந்தது. வெளிர்நீலம், கருநீலம், பச்சை சேர்ந்து வந்தால் ராயல் சிக்னல்ஸ்; ஆகாயம், கடல், நிலம் மூன்றிலும் செய்தி போகும் என்று பொருள். கருநீலத்தில் மஞ்சளும் சிவப்பும் என்றால் 1942ல் உருவான மெக்கானிக் பிரிவு, ரீமி.

எனக்குப் பிடித்தது பழுப்பு, சிவப்பு, பச்சை. டாங்கிப் படையின் நிறங்கள். 1917 நவம்பர் 20 அன்று பிரான்சின் காம்ப்ரே போரில் டாங்கிப் படைத் தளபதி பிரிகேடியர் ஜெனரல் எல்லெஸ், ஹில்டா என்ற டாங்கியில் ஏறி முன்னால் போனார், அதில் இந்த நிறக் கொடி பறந்தது. துணி காசெல் ஊர்க் கடை ஒன்றில் கிடைத்த பட்டு. சேற்றிலிருந்து, ரத்தத்தின் வழியே, அப்பாலுள்ள பசும்வயலுக்கு என்று பின்னால் அதற்குப் பொருள் சொன்னார்கள். கடையில் கிடைத்த துணி நூறு வருடத்துக்கு மேல் ஒரு படையின் அடையாளமாக நிற்பதை நினைத்தால் அந்த டையை மடிக்கக்கூட மனம் வரவில்லை.

காலம் கண்டுபிடிக்கக் கிரீடத்தைப் பார்க்க வேண்டும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். வளைவு உருண்டு மேடாக இருந்தால் ராஜா கிரீடம், நடுவில் பள்ளம் விழுந்தால் எலிசபெத் ராணி கிரீடம், 1953க்குப் பிந்தையது. மூன்றாம் சார்லஸ் 2022ல் மறுபடி உருண்டைக் கிரீடத்துக்கே திரும்பிவிட்டதால் இப்போது துணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என்னிடம் இருந்த ஒன்றில் பள்ளக் கிரீடம், உள்லேபிளில் டெரிலின் என்று இருந்தது. ஆமாம், நம் ஊரில் அப்பாக்கள் ஆசையாய்ப் போட்ட அதே டெரிலின். 1941ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்து ஐம்பதுகளில் சந்தைக்கு வந்தது. கட்டாய ராணுவச் சேவைக்குக் கடைசி ஆள் எடுத்தது 1960ல். அப்படி இரண்டு வருடம் இருந்து வந்த ஒரு பையன் முதல் வேலைக்குப் போக இதைக் கட்டியிருக்கலாம்.

கடைசியாக எடுத்தது ஒரு கருநீல டை. நடுவில் சிவப்புப் பட்டை, இருபுறமும் நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. இதற்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஊரில் அம்மாவின் தகரப் பெட்டியில் தாத்தாவின் பதக்கத்தில் இருப்பது இதே ரிப்பன்தான், இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சண்டை போட்டவர்களுக்குத் தந்த பர்மா ஸ்டார். அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ், இந்திய ராணுவத்தின் பொறியியல் பிரிவு. மற்ற படைக்காரர்கள் தம்பி என்று கூப்பிடும் பிரிவு. பாலம் கட்டுவது அவர் வேலை. ரிப்பனின் சிவப்பு பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளுக்கு, ஆரஞ்சு சூரியனுக்கு. பர்மாவில் சண்டை போட்டவர்களில் பெரும்பகுதி இந்திய ராணுவத்தினர். இங்கே அதே நிறங்களை டையாக நெய்து கட்டினார்கள். தாத்தா பதக்கத்தை ஒரு வெள்ளைச் சட்டையில் குத்திக்கொண்டு பென்ஷன் வாங்கப் போவார்.

அந்த டைக்கு ஒரு பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டேன். நான் கட்டப் போவதில்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே பெட்டியைத் திறந்து பதக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள், ரிப்பனின் ஆரஞ்சு வெளுத்துக் கிட்டத்தட்ட மஞ்சளாகிவிட்டது.

இன்னும் 7 மிச்சம். அதில் ஒன்றில் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக வைத்த வளைந்த குக்ரி கத்திகள் இருக்கின்றன. கூர்க்கா என்பது வரை சரி, எந்தப் பிரிவு என்று அடுத்த சனிக்கிழமை பார்க்க வேண்டும்.